பொன்னியின் செல்வனுக்கு அப்புறம்

“பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன். அடுத்து என்ன படிக்கலாம்?”

புத்தகம் பற்றித் தமிழில் பேசிக்கொள்ளும் எந்த முகநூல் குழுவில் இருந்தாலும் இந்தக் கேள்வி கண்ணில் படாமல் போகாது. கேட்பவர் ஒரு நாள் சிவகாசியில் கணக்கு எழுதுகிறவர். இன்னொரு நாள் ஷார்ஜாவில் ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பியவர். வேறொரு நாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்த ஓர் அம்மா. மணிரத்னத்தின் படம் 2022லும் 2023லும் இரண்டு பாகங்களாக வந்த காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூடியது. குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இதைக் கண்டாலே அலுப்பு. “ஏற்கெனவே பல தடவை பேசியாச்சு, தேடிப் பாருங்க” என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த அலுப்பு எனக்குப் பிடிப்பதில்லை. பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் முழுதாகப் படித்திராத ஒருவர், எப்படியோ ஒரு கதைக்குள் விழுந்து, ஐந்து பாகங்களையும் கடந்து, கடைசிப் பக்கத்தை மூடியதும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஊரில் புத்தகக் கடை இல்லை. அதனால் முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் வந்து வெட்கத்தை விட்டுக் கேட்கிறார். இப்போது அவர் கைக்குப் போகும் புத்தகத்தைப் பொறுத்துத்தான் அவர் வாசகராக ஆவாரா, “காலேஜ் படிக்கும்போது பொன்னியின் செல்வன் படிச்சேன்” என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருக்கும் பலரில் ஒருவராக ஆவாரா என்பது தீர்மானமாகும். அப்படிப்பட்டவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது புத்தகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் ஏன் அந்த ஒரு நாவலில் தொடங்குகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. கல்கி அதை 1950ஆம் ஆண்டு தன் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கி 1954இல் முடித்தார். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் அன்று ஏராளம். பிறகு அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும், புத்தகக் கண்காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்து பாகப் பெட்டி. மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, படக்கதை, ஒலிநூல். கல்யாணத்துக்கும் அதையே பரிசாகக் கொடுக்கிறார்கள். இப்படி ஒரு பொது வாசல் வாய்ப்பது ஒரு மொழிக்குப் பெரிய அதிர்ஷ்டம். உள்ளே வந்தவரை எந்தப் பக்கம் அனுப்புகிறோம் என்பதில்தான் கோளாறு.

பதில்களைப் பாருங்கள். முதலில் சிவகாமியின் சபதமும் பார்த்திபன் கனவும் வரும். அடுத்துக் கடல் புறா, யவன ராணி, உடையார், வேள்பாரி. நாலைந்து பதில்கள் கழித்து ஒருவர் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளைச் சொல்வார். அவருக்குக் கீழே இன்னொருவர் ‘விஷ்ணுபுரம்’ என்பார். எல்லாம் நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்டவைதாம். ஆனால் பதில் சொன்னவர்களில் ஒருவர்கூட, “உங்களுக்கு அதில் எது பிடித்தது?” என்று திருப்பிக் கேட்டிருக்கமாட்டார்.

அதைக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது என்பது என் எண்ணம். பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் அல்லர். ஒருவருக்கு நந்தினி. அவள் யார், என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளவே ஐந்து பாகத்தையும் புரட்டியவர் அவர். அவருக்கு இன்னொரு சரித்திரக் கதை எதற்கு? தி.ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில் அலங்காரத்தம்மாள் காத்திருக்கிறாள். அழகும் பிடிவாதமும் யாருக்கும் எளிதில் பிடிபடாத மனமும் கொண்ட ஒரு பெண்ணைத் தமிழில் அதற்குமேல் கிட்டத்தில் பார்க்க முடியாது. இன்னொருவருக்குப் பூங்குழலி. அவருக்கு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. மீனவக் கிராமம், பிலோமி, மெலிந்த புத்தகம். இன்னொருவர், “இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?” என்று படிக்கும்போதே கூகுளில் தேடியவர். அவரைச் சாண்டில்யனிடம் அனுப்புவதைவிட தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்திடமோ குடவாயில் பாலசுப்ரமணியனின் ‘இராஜராஜேச்சர’த்திடமோ அனுப்பலாம். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்தால் அந்த ஆள் அன்றிரவு தூங்கமாட்டார். வேறொருவர், பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் இருந்தது என்பார். அவருக்குக் கி.ராஜநாராயணன். தெலுங்கு நாட்டிலிருந்து தப்பித் தெற்கே வந்த குடும்பங்களின் கதையை மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் ‘கோபல்ல கிராமம்’ (1976) அவரைப் பிடித்து உட்கார்த்திவைத்துவிடும்.

தமிழில் ஒருவர் இன்னொருவருக்குப் புத்தகம் சொன்ன நிகழ்ச்சிகளில் ஆகப் பெரியது கும்பகோணத்தில் நடந்தது. உ.வே.சாமிநாதையரே ‘என் சரித்திர’த்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். 1880 அக்டோபர் மாதம். அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கும்பகோணம் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று ஐயர் அடுக்கினார். அன்றைய கணக்கில் அது ஒரு பெரும் புலவரின் படிப்பு. முதலியார் அசையவில்லை. இதனால் என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பழைய நூல்களின் பெயரைச் சொல்லி, அவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார்.

இந்த இடம்வரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. முதலியார் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. சீவக சிந்தாமணியை ஏட்டிலிருந்து காகிதத்தில் எழுதுவித்து வைத்திருந்த பிரதியை எடுத்து ஐயர் கையில் கொடுத்தார். அதைப் பாடம் கேட்க வேண்டும் என்று அவருக்கே நெடுநாள் ஆசை. தெரிந்தவர் தெரியாதவருக்கு அருளியதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. தனக்கு வேண்டிய ஒன்றைத் தன்னைவிடப் படித்த ஒருவரிடம் கொடுத்து, சேர்ந்து படிப்போமா என்று கேட்டிருக்கிறார் முதலியார். ஐயருக்கும் பல இடங்கள் விளங்கவில்லை. சிந்தாமணியைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த சமணர்கள் கும்பகோணத்திலேயே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களுடைய சமய வழக்குகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒரு மாலைப் பேச்சில் எழுந்த கேள்வி இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அந்த நிகழ்ச்சியில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடந்தன. எதிரில் இருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று முதலில் கேட்டது, புத்தகத்தைக் கையில் சேர்த்தது, படிக்கும்போது கூடவே இருந்தது. இன்று திரையில் நாம் சொல்லும் பரிந்துரைகளில் பெரும்பாலும் இந்த மூன்றும் இருப்பதில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

பெயரை மட்டும் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என்று க.நா.சுப்ரமண்யத்தின்மேல் பழி போடுவார்கள். அது அநியாயம். ஐம்பதுகளில் அவர் எழுதிய நூல் அறிமுகங்களின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற கேள்விதான். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அது ஏன் நல்ல புத்தகம் என்று தன் ரசனையை முன்வைத்துச் சில பக்கங்கள் எழுதினார். அவர் பட்டியல் போட்டார், உண்மை. பட்டியலில் இடம்பெறாதவர்கள் கோபப்பட்டார்கள். இலங்கையிலிருந்து க.கைலாசபதி அந்த ரசனை விமர்சனத்தையே கடுமையாக மறுத்தார். க.நா.சு. விடவில்லை. தழுவல்களும் தொடர்கதைகளும் குவிந்திருந்த காலத்தில் எதைப் படிக்கலாம் என்று ஒருவராவது துணிந்து சொல்ல வேண்டியிருந்தது. பெயரோடு அவரும் நிற்கவில்லை. நட் ஹாம்சன் பெரிய எழுத்தாளர் என்று சொன்னவர், உட்கார்ந்து ‘நிலவள’த்தைத் தமிழாக்கினார். செல்மா லாகர்லெவைச் சொன்னவர் ‘மதகுரு’வைக் கொடுத்தார். பேர் லாகர்குவிஸ்ட்டின் பரபாஸ் அவர் கையால் ‘அன்பு வழி’ என்று தமிழில் வந்தது. பின்னால் வந்த எழுத்தாளர்கள் பலர் அந்தச் சின்ன நூல் தங்களை உலுக்கியதைச் சொல்லியிருக்கிறார்கள். படித்திருக்கிறீர்களா என்று கேட்பவர், இல்லை என்று பதில் வந்தால் எடுத்துக் கொடுக்கவும் தயாராக இருந்தார்.

அவருக்குப் பிறகு சுஜாதா. ‘கணையாழியின் கடைசிப் பக்க’ங்களிலும் ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும் அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு கவிதைப் புத்தகத்தைத் தேடி மறுவாரம் கடைக்குப் போனவர்கள் பலர். எஸ்.ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் எழுதிய ‘கதாவிலாசம்’ வாரத்துக்கு ஓர் எழுத்தாளரை வீட்டுக்கு அழைத்துவந்தது. விகடனில் நகைச்சுவைத் துணுக்குக்காகப் பக்கம் புரட்டியவர்கள், கு.அழகிரிசாமி என்ற பெயரை முதல்முறையாக அங்கே படித்தார்கள். இவர்களெல்லாம் எழுத்தாளர்கள். அவர்கள் சொன்னால் எடுபட்டது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது, பெயரே இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது.

கிளை நூலகத்துப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருப்பித் தர வேண்டிய தேதிகள் ரப்பர் ஸ்டாம்பில் நீலமும் சிவப்புமாக விழுந்திருக்கும். அந்தத் தாளுக்கு எதிர்ப் பக்கத்தில் பென்சிலில் சிறு எழுத்துகள். “அருமை.” “முதல் 50 பக்கம் பொறுமையாகப் படிக்கவும்.” “முடிவு சரியில்லை.” அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், “முடிவு சரிதான், நீ மறுபடி படி.” ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ பிரதி ஒன்றில் யாரோ, “எங்க அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். எல்லாம் உண்மை” என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் அது. எந்த விமர்சகரும் அதற்கு இப்படி ஒரு சான்றிதழ் தர முடியாது. நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு என்று தெரிந்தும் அவரால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுத்து இதை எடுக்கப்போகும் யாரோ ஒருவருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பு அது. இணையத்தில் எனக்குப் பிடித்த பரிந்துரைகள் எல்லாம் இந்தப் பென்சில் எழுத்தின் வம்சம்தான்.

அந்தத் தவிப்பை ஒரு துறையாகவே ஆக்கிக் காட்டியவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்றும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முதலாவதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதை அவர் தனி விதியாகவே வைத்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அலமாரியில் இருக்கும் ஒரு புத்தகம் ஆள் வராமலே இருந்துவிடக் கூடாது. அதற்குரிய ஆளைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது ஒருவருடைய பொறுப்பு. வாசகரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெளிவாகும்வரை விசாரிப்பதை நூலகரின் முதன்மையான வேலையாக அவர் கருதினார்.

ஆள் வராமலே இருந்துவிட இருந்த ஒரு புத்தகம் தமிழில் உண்டு. சிங்கம்புணரிக்காரரான ப.சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரை அங்கேயே பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை செய்துகொண்டு, தனியாக வாழ்ந்து, இரண்டே நாவல்கள் எழுதினார். முதலாவது ‘கடலுக்கு அப்பால்’. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. இரண்டாவது ‘புயலிலே ஒரு தோணி’. அதைப் போட ஆள் கிடைக்காமல் நெடுநாள் அலைந்தார். ஒருவழியாக 1972இல் வெளிவந்தது. வந்ததும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்றாவது நாவல் அவர் எழுதவில்லை.

இந்த நாவல் பிழைத்தது வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொன்னதால்தான். சி.மோகன் விடாமல் அதைப் பற்றி எழுதினார். பழைய பிரதி ஒன்று கைமாறிக் கைமாறிப் போனது. சிறுபத்திரிகைக்காரர்கள் டீக்கடையில் பேசினார்கள். 1997இல் சிங்காரம் மறைந்தார். இன்று தமிழ் நாவல் என்று பத்துப் பெயர் சொன்னால் அதில் இந்த நாவல் இருக்கிறது. பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. எந்த விளம்பரமும் இதைச் செய்யவில்லை. ஜப்பானியப் படை நுழைந்த மெடான், பினாங்கு வட்டிக்கடைகளின் பேச்சு, தமிழ் மரபையே கேலியும் கிண்டலுமாகப் புரட்டிப் போடும் பாண்டியனின் மனவோட்டம் என்று அதைப் படித்தவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதே புத்தகத்தை இன்று எல்லோருக்கும் எல்லா இடத்திலும் தூக்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பட்டியலில் பார்த்து இன்னொரு பட்டியலுக்கு எழுதுகிறார்கள். எழுதுபவர் படித்திருக்கிறாரா என்று சந்தேகம் வருகிறது. ஏனென்றால் படித்தவர், “முதல் அத்தியாயங்களில் ஊர்ப்பெயரும் ஆள் பெயரும் குழப்பும், பயப்படாதீர்கள்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். படித்ததற்கு அடையாளமே அதுதான்.

ஒருமுறை ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மா எழுதியிருந்தார்: “பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல இருக்கான். தமிழ்ல ஒரு புத்தகம் தொடமாட்டேங்கிறான். நல்லதா ஒண்ணு சொல்லுங்க.” பதில்கள் மளமளவென்று வந்தன. திருக்குறள், சத்திய சோதனை, அக்னிச் சிறகுகள், வழக்கம்போல் பொன்னியின் செல்வன். எல்லாம் அந்தப் பையன் எப்படி ஆக வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பிய புத்தகங்கள். நடுவில் ஒரு இளைஞர் மட்டும் கேட்டார்:

“அக்கா, தம்பி போன்ல என்ன பார்ப்பான்?”

“அதுவா தம்பி, எப்பப் பார்த்தாலும் ரெண்டாம் உலகப் போர் வீடியோதான். டேங்க்கு, கப்பல், ஜெர்மனி, ஜப்பான்னு.”

“அப்ப ‘கடலுக்கு அப்பால்’னு ஒரு சின்ன நாவல் இருக்குக்கா. நம்ம சிவகங்கைப் பக்கத்து ஆளு எழுதினது. வட்டிக்கடையில வேலை பார்க்கிற பையன் நேதாஜி படையில சேர்ந்து சண்டைக்குப் போறான், ஒரு காதலும் இருக்கு. படிடான்னு மட்டும் சொல்லிடாதீங்க. வாங்கி மேசைமேல வச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க.”

அந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. ‘புயலிலே ஒரு தோணி’ அந்த இளைஞருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதைச் சொல்லியிருந்தால் தன் படிப்பைக் காட்டியிருக்கலாம். அதே ஆள் எழுதிய, எளிய, சின்ன நாவலைச் சொன்னார். அதில் ஏறியவன் பெரியதற்கும் வருவான் என்று நம்பிக்கை. எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நல்ல நூலகர் ஒருவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து செய்வதை அவர் இரண்டு வரியில் செய்துவிட்டார். சில வாரம் கழித்து அந்த அம்மாவே திரும்பி வந்து எழுதினார்: “இன்னும் முடிக்கல தம்பி. ஆனா நேத்து மேப்ல பினாங்கு எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்தான்.”

இப்படித் திரும்பி வந்து சொல்கிறவர்கள் குறைவு. கேட்டு வாங்கியவர் படித்தாரா, பாதியில் வைத்தாரா, எறிந்தாரா ஒன்றும் தெரிவதில்லை. சொன்னவர் அடுத்த ஆளுக்கும் அதையே சொல்கிறார். தான் சொன்னது யாருக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால்தானே அடுத்த முறை வேறு சொல்லத் தோன்றும்? கேட்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு என்றால் இதுதான். “நீங்க சொன்ன புத்தகம் எனக்கு ஒத்துவரலை, 40ஆம் பக்கத்தில் வச்சிட்டேன்” என்று எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உண்மையில் பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

இணையக் கடையின் கணக்கு இதைச் செய்யாதா என்று கேட்கிறார்கள். இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள் என்று அது சொல்கிறது. வாங்கியது அதற்குத் தெரியும். ஏன் வாங்கினோம் என்று தெரியாது. மகளுக்குப் பரிசாக வாங்கியதையும் அப்பா இறந்த மாதத்தில் தூக்கமில்லாமல் வாங்கியதையும் அது ஒன்றாகத்தான் பார்க்கும். நட்சத்திரங்களும் அப்படியே. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலுக்கு ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டு, “கதையே இல்லை, தண்ணிக்கு அலையறாங்க” என்று எழுதியிருந்தால், அவர் சொல்வது ஒரு வகையில் சரி. சென்னையில் குடத்தோடு விடிகாலையில் குழாயடியில் நின்றவர் அதே வரியைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தை உடனே வாங்குவார். ஆகவே வசவும் சில சமயம் நல்ல பரிந்துரை. எண்ணை விட்டுவிட்டுக் காரணத்தைப் படிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. நல்ல பரிந்துரை கிடைக்கும், புத்தகம் கிடைக்காது. வங்காளத்திலிருந்து சு.கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கிய ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, உருதுவிலிருந்து சௌரி கொண்டுவந்த குர்ரதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’, த.நா.குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ‘ஆரோக்கிய நிகேதனம்’. இவற்றைப் பற்றி ஜெயமோகன் ‘கண்ணீரைப் பின்தொடர்தல்’ நூலில் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிப் போனவர்கள், பழைய புத்தகக் கடைகளிலும் மாவட்ட நூலகங்களிலும் வருடக்கணக்கில் துழாவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைப் பிரதி எடுத்துப் பகிர்ந்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் போன மாதம் வந்த நாவலின் பெயரைச் சொன்னவுடனே, “பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க தோழர்” என்று கேட்கும்போது மனம் சுருங்கிவிடுகிறது. தமிழில் ஆயிரம் பிரதி விற்க இரண்டு மூன்று வருடம் ஆகும் நாவல்கள் உண்டு. அந்தப் பணத்தை நம்பி இல்லாவிட்டாலும், அந்த எண்ணிக்கையை நம்பித்தான் எழுத்தாளரும் பதிப்பாளரும் அடுத்ததைப் பற்றி யோசிக்கிறார்கள். பணம் இல்லாதவர் நூலகத்தில் கேட்கலாம், குழுவிலேயே இரவல் கேட்கலாம். கூரியர் செலவையும் தானே போட்டு அனுப்பிவைக்கும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். 1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகம், ஒவ்வொரு பத்திரிகையையும் துண்டறிக்கையையும் மின்பிரதியாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஈழ இலக்கியத்தில் எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், கே.டானியலின் ‘பஞ்சமர்’, எஸ்.பொ.வின் ‘சடங்கு’ என்று பெயர் சொல்வதோடு அந்தத் தளத்தையும் காட்டிவிடுவது நல்லது.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதும் ஒரு திறமை. “நல்ல புத்தகம் சொல்லுங்க” என்றால் வருவது மற்றவர்களின் அலமாரி. தன்னைக் கொஞ்சம் திறந்து காட்டிக் கேட்பவருக்குத்தான் தனக்கான பதில் வருகிறது. “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும், அவருக்குச் சின்ன வயதில் லக்ஷ்மி கதைகள் பிடிக்கும்” என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களைப் போல் யோசித்து எழுதிய பதில்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சத்தமாக வாசிக்கும்போது கி.ரா.வின் நடை எப்படி விழும், ஆர்.சூடாமணியின் எந்தக் கதை ஒரே உட்காரலில் முடியும், எந்தக் கதை நோயாளிக்கு இப்போது வேண்டாம் என்றெல்லாம் எழுதினார்கள். முகம் தெரியாத ஒரு தாய்க்காக.

நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. திருப்பூரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யில் பனியன் கம்பெனிகளோடு வளர்ந்த இளைஞர்களைப் பார்த்தேன். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யில் நொய்யலில் கலந்த சாயத்தைப் பார்த்தேன். இப்போது அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்கள் தங்கும் அறை, அவர்கள் கற்றுக்கொண்ட தமிழ், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் பேசும் போன், அவர்களுக்கு வீடு விட்டவர்களின் மனம் என்று அந்த வாழ்க்கைக்குள் போன நாவலோ சிறுகதையோ எனக்கு வேண்டும். தமிழில் எழுதியதாக இருந்தாலும் சரி, ஒடியாவிலிருந்தோ இந்தியிலிருந்தோ மொழிபெயர்த்ததாக இருந்தாலும் சரி. கட்டுரைத் தொகுப்பு வேண்டாம், அவை கைவசம் இருக்கின்றன. பெயரோடு, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்றும் ஒரு வரி எழுதுங்கள். படித்துவிட்டு வந்து சொல்கிறேன்.